அறுபத்து மூணு கிளாஸ்

இல்லைங்க மேடம், குடிக்க மாட்டாரு. அடிச்சதும் இல்ல. வேற பொம்பளை சகவாசமும் கெடயாது, அதுக்கெல்லாம் அவருக்கு ஏது நேரம். நீங்க அந்த ஃபாரத்துல இருக்கற கட்டத்த எல்லாம் ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே வர்றீங்க, நானும் இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டே வர்றேன். எங்க பிரச்சினைக்கு அதுல கட்டமே கெடயாதுங்க. காரணம்னு போட்டிருக்கற எடத்துல ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்னு எழுதிக்குங்க.

சிரிக்கணும்னா சிரிங்க, பரவால்ல. எங்க அப்பாவும் சிரிச்சாருதான். வெவாகரத்து மனு போட்டது என் வூட்டுக்காரரு கிளமெண்டுங்க, நான் இல்ல. அதுலயும் பாருங்க, ஒத்துப் போகலன்னு ஒரு வரி, அவ்ளோதான். அவரு மூணு மணிக்கு வருவாருன்னு சொன்னீங்க. அதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிடறேன். சேத்து வக்கலாமா வெட்டி வுடலாமான்னு நீங்கதான ஜட்ஜுக்கு ரிப்போர்ட்டு எழுதணும். அப்ப இந்தக் கருமத்த நீங்க கொஞ்சம் புரிஞ்சிக்கத்தான் வேணும். பத்து வருசமா நான் தெனமும் சகிச்சிருக்கேன், நீங்க ஒரு அரை மணி நேரம் சகிச்சிக்குங்க.

நாங்க ரெண்டு பேரும் பெரம்பலூர்ல ஒரே காலேஜில எம்.சி.ஏ. படிச்சவங்க. நான் ஆண்டிமடம், அவன் வரதராசன்பேட்டை. அவன்னு வந்துடுச்சு, மன்னிச்சிக்குங்க. கூடப் படிச்சதுனால, கோவம் வந்தா அவன்தான் வாயில வரும். ரெண்டு வூடும் ஆர்சி கிறிஸ்துவங்க, கல்யாணத்துக்கு யாரும் குறுக்க நிக்கல. படிச்சி முடிச்சிட்டு மெட்ராசு போகாம பெரம்பலூர்லயே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடில ஒரு ரூம் புடிச்சோம். ரெண்டு கம்ப்யூட்டரு, ஒரு ஃபேனு. லப்பைக்குடிக்காட்டுல ஒரு டிராவல்ஸ் கடை, அரியலூர்ல ஒரு லாரி யார்டு, பெரம்பலூர்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி, இப்புடி சுத்துப்பட்டுல கேக்கறவங்களுக்கெல்லாம் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்தோம். நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு.

சண்டைன்னு மொத மொத வந்தது லாரி யார்டுலதான். சுண்ணாம்புக்கல் ஏத்தற டிப்பரெல்லாம் வந்து நிக்கும், வர்ற வரிசையில டோக்கன் குடுத்து உள்ள கூப்புடணும். இதான் வேல. என் வழி ரொம்ப சாதாரணம்ங்க. ஒரு பட்டியல். வரிக்கு ஒரு வண்டி. மேலேந்து கீழ வரைக்கும் பாரு, எதுக்கு முறையோ அதக் கூப்புடு, அந்த வரிய அடிச்சி வுடு. ரேஷன் கடையில பண்றதுதான். எவ வேணா படிச்சிப் பாத்தாப் புரியும்.

அவருக்கு அது புடிக்காது. பட்டியலாவே எதையும் வக்கக் கூடாதாம். ஒவ்வொரு வண்டியும் தனித்தனி உருப்படியாம், அதுக்குத்தான் ஆப்ஜெக்ட்டுன்னு பேரு. அதோட விவரம் அதுகிட்டயே இருக்கும், அது செய்ய வேண்டிய வேலையும் அதுக்கே தெரியும், வெளியிலேந்து யாரும் உள்ள கைய வுடக் கூடாது. அந்த மாதிரி உருப்படியெல்லாம் வார்த்து எடுக்கறதுக்கு ஒரு அச்சு வேணும்ல, செங்கலுக்கு அச்சு இருக்கற மாதிரி, அதுக்குப் பேரு கிளாஸ். கேக்க நல்லாருக்குல்ல? எனக்கும் மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் பாத்தா அந்த அச்சுக்கு ஒரு அப்பன் அச்சு, அதுக்கு ஒரு பாட்டன் அச்சு. வண்டின்னு ஒண்ணு, அதுலேந்து சரக்கு வண்டி, அதுலேந்து லாரி, அதுலேந்து டிப்பரு. நாப்பது டிப்பரக் கூப்புடறதுக்கு இத்தனை வம்சாவளி. 

ஒரு நாளு தூசிக்குத் தண்ணி தெளிக்கற டிராக்டரு ஒண்ணு வந்துச்சு. அது சரக்கு வண்டியா, இல்லையா? பின்னாடி இருக்கற டேங்கு தனி உருப்படியா, டிராக்டரோட சேந்ததா? நம்ம ஆளு போர்டுல கோடு போட்டு கோடு போட்டு மூணு நாளு யோசிச்சாரு. யார்டுல ஓடிக்கிட்டிருந்த அவரு சிஸ்டத்த வேற நிறுத்திட்டாரு. டிப்பரெல்லாம் கல்லங்குறிச்சி ரோடு வரைக்கும் நின்னுச்சு, பெருமாள் கோயிலுக்கு வந்த சனம் பஸ்ஸ வுட்டு எறங்கி நடந்து போச்சு. யார்டு சூப்பர்வைசர் கொளஞ்சியப்பன் எனக்குப் போன் பண்ணி, ஏம்மா, சாரு இன்னும் டிராக்டருக்கு அப்பன் யாருன்னு தேடிக்கிட்டுத்தான் இருக்காரான்னு கேட்டாரு. நான் போயி என் பழைய பட்டியல்ல வகைன்னு ஒரு கட்டம் சேத்து, டிராக்டருன்னு அடிச்சேன். அஞ்சு நிமிசம். மறுநாளு அவரு வந்து அந்தக் கட்டத்த, வூட்டுக்குள்ள எலி செத்துக் கெடக்கறாப்புல பாத்தாரு. இதெல்லாம் ஒரு புரோகிராமா கிறிஸ்டி, குப்பைன்னாரு. என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப பல்லு எடுப்பா இருக்குன்னு அவங்க சித்தி சொன்னதக்கூட மறந்துட்டேங்க, இத மறக்கல.

அதுலேந்து தெனம் இதான். சோத்துல உக்காந்தா இது, பைக்குல போனா இது, பூசைக்குப் போற வழியில இது. என்ன சண்டைன்னே புரியாம எங்க மாமியா அமலோற்பவமேரி ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்துக்கிட்டாங்க.

அப்ப அவரு பக்கம் நாயமே இல்லையான்னா, இருக்குதுங்க. சொல்லிடறேன், அப்பறம் அவரு வந்து சொன்னா நான் மறைச்சேன்னு ஆவும். அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி இருக்குல்ல, அதுக்குத் தடுப்பூசி ஞாபகப்படுத்தற மெசேஜ் அனுப்பற சாஃப்ட்வேர மொதல்ல நான்தான் எழுதினேன். என் வழியிலதான். டாக்டரம்மா பாக்யலட்சுமி ஒரு ஊசியோட தேதிய மாத்தச் சொன்னாங்க. என் புரோகிராம்ல அந்தத் தேதி பதினோரு எடத்துல இருந்துச்சு. பத்து எடத்துல மாத்துனேன். ஒண்ண வுட்டுட்டேன். ஒரு வாரம் நாலு புள்ளைங்களுக்கு மெசேஜே போகல. அவங்கெல்லாம் கையில அட்டை இருந்ததுனால தானாவே வந்துட்டாங்க, ஒண்ணும் ஆவல. ஆனா அவரு வழியில எழுதியிருந்தா ஒரு எடத்துல மாத்துனா போதும். அத நான் ஒத்துக்கறேன். அதுக்கப்பறம் நான் எது பேசினாலும் பதினொண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லுவாரு, நான் தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சிடுவேன். ஜெயிச்சவன் மொகத்த தெனமும் எதுக்க வச்சிக்கிட்டு சாப்புட முடியுமா சொல்லுங்க.

அப்பறம் அந்த ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர மொத்தமா அவரே திருப்பி எழுதினாரு. அறுபத்து மூணு கிளாஸ். பின்னாடி ஒரு நாளு நான் எண்ணிப் பாத்திருக்கேன். என்னோடது மொத்தமே நானூறு வரிங்க. அதுல என்னா விசேசம்னா, தாயி மூணாம் மாசம் வந்து பதிஞ்ச அன்னிக்கே புள்ளைக்கும் ஒரு ஆப்ஜெக்ட் பொறந்துடும். இன்னும் பேரு இருக்காதுல்ல, ஆஸ்பத்திரியில எழுதற மாதிரியே பேபி ஆஃப் இன்னாருன்னு அம்மா பேர வச்சி இருக்கும். பிரசவ தேதி தெரியும், அதுலேந்து தனக்கு எந்த எந்த நாளுல என்ன ஊசின்னு அந்தப் புள்ளையே தெரிஞ்சி வச்சிருக்கும். நாள் வந்தா தானா எந்திரிச்சி அப்பாம்மா போனுக்கு மெசேஜ் அனுப்பும். யாரும் போயிப் பாக்க வேணாம், கேக்க வேணாம். என் பழைய புரோகிராம்ல காலையில ஒருத்தரு வந்து பட்டியலத் தொறந்து பாக்கணும். அவரு அதத்தான் பெருசா சொல்லுவாரு. பாரு கிறிஸ்டி, நீ போயி எழுப்பற, என்னோடது தானா எந்திரிக்குது, அதுக்கு உசுரு இருக்குதுன்னு. பீத்தல். சகிக்காது.

எங்களுக்குப் புள்ளைங்களா? அதுக்குத்தாங்க வர்றேன். தண்ணி இருக்குதா? இல்ல, வேணாம், இருக்கட்டும்.

எதையும் எழுதினா ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்ல. சும்மா ஏபிசின்னு பேரு போட்டு ஓட்டுவோம். அப்ப எனக்கு நாலு மாசம். கல்யாணமாயி பத்து வருசம் கழிச்சி கரு நின்னுருந்துச்சு. நெசப் பேரையே போடலாமேன்னாரு. நானும் சரின்னேன். பேபி ஆஃப் கிறிஸ்டி. ரெண்டு பேரு போன் நம்பரும் குடுத்தோம். வரிச நம்பரு ஒண்ணு. அந்த மெசேஜில வர்ற வாசகம்கூட நான் எழுதினதுதாங்க. தங்கள் குழந்தைக்கு நாளை தடுப்பூசி நாள், மறவாமல் அழைத்து வரவும்னு. அவருக்குத் தமிழ் சுமாருதான்.

எட்டாம் மாசம் அசைவு நின்னுடுச்சுங்க. திருச்சிக்குக் கொண்டு போனாங்க. யாரு மேலயும் தப்பு இல்ல, இப்புடி ஆவறது உண்டுன்னு சொன்னாங்க. ஆம்பளப் புள்ள. வரதராசன்பேட்டை கல்லறைத் தோட்டத்துல ஒரு ஓரமா எடம் குடுத்தாங்க, சாமியாரு வந்து செபம் பண்ணிட்டுப் போனாரு. நான் போகல, ஆஸ்பத்திரியில இருந்தேன். அவருதான் கையில வாங்கிட்டுப் போனாரு.

ஒரு மாசம் கழிச்சி, பொறக்கணும்னு சொன்ன தேதி வந்துச்சில்ல, அன்னிக்குக் காலையில என் போனு டிங்குன்னுச்சு. தங்கள் குழந்தைக்கு நாளை தடுப்பூசி நாள். அவரு போனும் பக்கத்து ரூம்ல டிங்குன்னுச்சு. நான் எழுதின வாசகம், எனக்கே வருது. போனத் தூக்கி அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடுனேன். அத எடுத்துடு கிளமெண்டுன்னேன். சரின்னாரு. ஒன்றரை மாசத்துல திரும்பி வந்துச்சு. ரெண்டரை மாசத்துல வந்துச்சு. மூணரை மாசத்துல வந்துச்சு. ஒவ்வொரு தடவயும் கேட்டேன். எடுக்க முடியல கிறிஸ்டி, அதுதான் ஒண்ணாம் நம்பரு, மத்ததெல்லாம் அதப் புடிச்சிக்கிட்டு நிக்குது, அத உருவுனா எல்லாம் சரிஞ்சிடும், மத்த புள்ளைங்களுக்கும் மெசேஜ் போகாதுன்னாரு.

நான் நம்புனேங்க. ஏன்னா அந்தக் கருமம் அப்புடித்தான் இருக்கும். ஒண்ணத் தொட்டா ஒம்போது உடையும். பத்து வருசமா நான் திட்டினது அதத்தான. அப்ப பாத்துக்குங்க, எனக்கு அது மேல எவ்ளோ வெறுப்பு வந்திருக்கும். ஒரு புள்ளைய எடுக்கறதுக்குக்கூட வழி வக்காத ஒரு முறை, அதுவும் ஒரு முறையான்னு. எவனாவது காலேஜ் பையன் அதப் பத்தி நல்லாப் பேசுனா எந்திரிச்சி வெளிய போயிடுவேன்.

ஒம்போதாம் மாசம் வந்துச்சு. தட்டம்மை ஊசி. அன்னிக்குத்தான் மொத மொத அவரு எழுதினதத் தொறந்தேன். அதுவரைக்கும் தொட்டதில்ல, அசிங்கத்த மிதிப்பானேன்னு இருந்தேன். பூராவும் புரியலதான், ஆனா தேடுனது கெடச்சிது. அழிக்கறதுக்கு அழகா வழி இருக்குதுங்க. அவரே எழுதி வச்சிருக்காரு. அதுமட்டும் இல்ல, பிரசவ தேதி தாண்டி ஒரு மாசத்துக்குள்ள நர்சு பொறந்தாச்சுன்னு குறிக்கலன்னா தானாவே அழிஞ்சி போற மாதிரி வேற வச்சிருக்காரு. எல்லாப் புள்ளைக்கும். அதுக்கு மேல ஒரே ஒரு வரி. நம்பர் ஒண்ணா இருந்தா, அழிக்காம வுட்டுடு.

உங்களுக்கு இது புரியணும் மேடம். அந்த மாதிரி ஒரு வரிய அவரு செத்தாலும் எழுத மாட்டாரு. ஒரு நம்பரக் கையால குறிச்சி, இதுக்கு மட்டும் இப்புடின்னு எழுதறது அவரு சாத்திரத்துல மகா பாவம். நான் எழுதியிருந்தா குப்பைன்னு மூணு நாளு பேச மாட்டாரு. என் புரோகிராம் மாதிரியே எழுதி, உள்ள ஒளிச்சி வச்சிருக்காரு.

பரிதாபமா? எனக்கு வரலைங்க. அருவருப்பாத்தான் இருந்துச்சு. ஒம்போது மாசம் என் மொகத்தப் பாத்துப் பொய் சொல்லியிருக்காரு. ஒவ்வொரு டிங்குக்கும் நான் பதறினதப் பாத்துக்கிட்டே சோறு தின்னிருக்காரு. ஞாயித்துக்கெழம அவரு பூசைக்குப் போனப்ப நான் தலவலின்னு சொல்லி ஆபீஸ் போயி அந்த ஒண்ணாம் நம்பர அழிச்சேன். எதுவும் சரியல. யாரு மெசேஜும் நிக்கல.

சொல்லல. ஏழு மாசம் வாயத் தொறக்கல. அவரும் போயித் தொறந்து பாக்கல. அடுத்தது ஒண்ணேகால் வயசு தாண்டி, பதினாறாம் மாசத்துல ஒரு ஊசி. அந்த நாள அவரு ஞாபகம் வச்சிருந்தாருங்க. காலையிலயே குளிச்சி, சட்டை தேச்சிப் போட்டுக்கிட்டு, போன மேசையில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. பத்து மணி ஆச்சு. பன்னெண்டு ஆச்சு. நான் டீ வச்சேன், ஆறிப் போச்சு. அப்பறம் எந்திரிச்சிப் போயி கம்ப்யூட்டரத் தொறந்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. நீயான்னாரு. நான்தான்னேன்.

கத்துவாருன்னு நெனச்சேன். கத்தல. ஞானஸ்நானம் ஆவல, கோயில் புஸ்தகத்துல இல்ல. பேரு வக்கல, பொறப்பு சர்டிபிகேட்டுல இல்ல. இதுல மட்டும்தான் இருந்தான் கிறிஸ்டின்னாரு. பைய எடுத்துக்கிட்டு அவங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டாரு. நாலு மாசம் ஆவுது. அப்பறம்தான் உங்க நோட்டீசு வந்துச்சு.

எழுதிட்டீங்களா? இல்ல, அழிச்சது தப்புன்னு நான் சொல்லலைங்க. பொய் சொன்னது தப்புதான். ஆப்ஜெக்ட் ஓரியண்டட்டும் தப்புதான், அதுல நான் மாற மாட்டேன்.

ஒண்ணு சொல்லணும். புரோகிராம் எழுதறவ எவளும் காப்பி எடுத்து வச்சிக்காம எதையும் அழிக்க மாட்டா. என் பழைய புரோகிராம்ல, குப்பைன்னாருல்ல, அதுல அவன ஒரு வரியா சேத்து வச்சிருக்கேன். அதுலேந்து மெசேஜெல்லாம் வராது. அதுவா எதுவும் பண்ணாது. நாமளா போயித் தொறந்தாத்தான் உண்டு. தெனம் காலையில தொறந்து பாத்துட்டுத்தான் மத்த வேலயப் பாக்கறேன். பொறக்க வேண்டிய தேதியிலேந்து கணக்குப் பண்ணும் அது. இன்னியோட ஒரு வருசம், எட்டு மாசம், பன்னெண்டு நாளு.

அவருக்குத் தெரியாது. நாலு தடவ அவரு சிஸ்டத்துல திருப்பி வச்சிடலாம்னு உக்காந்தேன், முடியலைங்க. எடுக்கறதுக்கு ஒரு வரி போதும், வக்கறதுக்கு அவரு எழுதினது அத்தனையும் தெரியணும். எனக்கு அது புரியாது. அவருதான் வந்து உக்காந்து பண்ணணும்.

மூணு ஆவப் போவுது, நான் கெளம்பறேன். அவரு வந்தா சொல்லுங்க, ஆபீஸ் சாவி மீட்டர் பொட்டி மேலதான் இருக்குதுன்னு.